நீங்கள் நேரில் பார்த்த விளையாட்டுப் போட்டிகளில் மறக்க முடியாதது எது?

சேப்பாக்கம் கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். என்னுடையது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால், நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். 2018 டிசம்பர் 1, அட்லாண்டா மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியத்தில் அலபாமாவும் ஜார்ஜியாவும் மோதிய எஸ்இசி சாம்பியன்ஷிப்.

அட்லாண்டா பக்கம் குடிவந்து சில வருடங்கள் ஆகியும் எனக்கு இந்த ஆட்டம் பிடிபடவில்லை. ஐந்து நொடி ஓடுகிறார்கள், அரை நிமிடம் நிற்கிறார்கள், நடுவில் விளம்பரம். ஆபீஸ் நண்பர் ஒருவரின் தம்பி கடைசி நேரத்தில் வர முடியாமல் போக, அந்த டிக்கெட் என் தலையில் விழுந்தது. நண்பர் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆபீஸில் குரல் உயர்த்திப் பேசாத மனிதர், அன்று மார்ட்டா ரயிலில் ஏறியதுமே நாய் மாதிரி குரைக்க ஆரம்பித்தார். அவர்கள் அணிக்குப் புல்டாக்ஸ் என்று பெயர். பெட்டி முழுக்கச் சிவப்பும் கருப்பும் சட்டை போட்டவர்கள் பதிலுக்குக் குரைத்தார்கள். அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாள், தலை முடியெல்லாம் நன்றாக வாரி, காதில் முத்துத் தோடு போட்டுக்கொண்டு, குரைக்கிறார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் என்றால் என்ன என்று வழியில்தான் சொல்லிக் கொடுத்தார். எஸ்இசி என்பது ஒரு கான்ஃபரன்ஸ், அதாவது தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. அப்போது பதினான்கு அணிகள், கிழக்கு ஏழு, மேற்கு ஏழு. இரண்டு பிரிவிலும் முதலிடம் வருபவர்கள் டிசம்பர் முதல் சனிக்கிழமை மோதுவார்கள். இது அப்படியொன்றும் பழைய வழக்கமில்லை. பன்னிரண்டு அணிகள் இருந்து இரண்டு பிரிவாகப் பிரிந்தால் கூடுதலாக ஓர் ஆட்டம் நடத்தலாம் என்று கல்லூரி விளையாட்டு விதிப்புத்தகத்தில் ஒரு மூலையில் இருந்ததாம். ஆர்கன்சாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்துக் கணக்கைப் பன்னிரண்டாக்கி, 1992-இல் பர்மிங்ஹாம் நகரில் எஸ்இசி முதல் ஆட்டத்தை நடத்தியது. அதுவரை தோற்காத அலபாமாவை எதற்கு இன்னொரு பரீட்சை எழுதச் சொல்கிறீர்கள் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. ஃப்ளோரிடாவுடன் 21-21 என்று திணறிக்கொண்டிருந்தபோது அன்டோனியோ லாங்ஹம் என்பவர் எதிரணி வீசிய பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் (நம் கோல் மாதிரி) போட்டதால் தப்பித்தார்கள். அந்த வருடத் தேசியப் பட்டமும் அவர்களுக்கே.

2018-இல் நிலைமை இன்னும் கெடுபிடி. நாடு முழுவதும் நான்கே அணிகளுக்குத்தான் பிளேஆஃபில், அதாவது தேசியப் பட்டத்துக்கான சுற்றில், இடம். அலபாமா முதலிடம், ஜார்ஜியா நான்காவது. ஜார்ஜியா தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

உள்ளே இரண்டு டாலருக்கு ஹாட் டாக் விற்றார்கள். அமெரிக்க ஸ்டேடியத்தில் அந்த விலையைப் பார்த்துப் போர்டைத் திரும்பப் படித்தேன். இடைவேளையில் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் பெரிய டாக்டர் பெப்பர் குளிர்பான டப்பா ஓட்டைக்குள் பந்து பந்தாக எறிந்தார்கள். ஜெயிப்பவருக்கு ஒரு லட்சம் டாலர் படிப்புச் செலவு. மைதானத்தில் நடந்ததைவிட இது எனக்குச் சட்டென்று புரிந்தது, சொல்லப்போனால் வயிற்றையும் கலக்கியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அலபாமாவில் ஜேலன் ஹர்ட்ஸ் என்று ஒரு குவார்ட்டர்பேக், பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர். இரண்டு வருடம் அவர்தான் அணியை நடத்தினார், தோற்றது இரண்டே ஆட்டம். அதே 2018 ஜனவரியில், இதே ஸ்டேடியத்தில், இதே ஜார்ஜியாவோடு தேசிய இறுதியாட்டம். பாதி ஆட்டத்தில் 13-0 என்று பின்தங்கியதும் கோச் நிக் சேபன் அவரை உட்கார வைத்துவிட்டு, துவா டாகோவைலோவா என்ற முதல் வருடப் பையனை இறக்கினார். கூடுதல் நேரத்தில் 41 யார்டு வீசி அந்தப் பையன் கோப்பையை வாங்கிக் கொடுத்தான். அதற்குப்பின் ஹர்ட்ஸ் வெறும் மாற்று ஆட்டக்காரர். வேறு கல்லூரிக்குப் போய்விடுவார் என்று எல்லோரும் எழுதினார்கள். போகவில்லை.

அன்று மூன்றாம் கால்பகுதியில் ஜார்ஜியா 28-14. நண்பருக்குத் தொண்டை கட்டிவிட்டது. துவா ஒரு டச்டவுனைத் திருப்பி 28-21 ஆக்கினார், ஆனால் நாலாம் பகுதியில் கணுக்காலில் அடிபட்டு வெளியே போனார். தொப்பியைக் கழற்றி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஹர்ட்ஸ் உள்ளே வந்தார்.

எங்கள் முன்வரிசையில் அலபாமா ரசிகர் ஒரு தாத்தா, தன்னந்தனியாக, அந்தச் சிவப்புக் கூட்டத்துக்கு நடுவில். அதுவரை வாயே திறக்கவில்லை. ஹர்ட்ஸைப் பார்த்ததும் எழுந்து நின்றார், அப்புறம் ஆட்டம் முடியும்வரை உட்காரவேயில்லை. பின்னால் இருந்தவர்கள் கத்திப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

ஜெரி ஜூடிக்குப் பத்து யார்டில் ஒரு டச்டவுன் வீச்சு, 28-28. பந்து ஜார்ஜியா கையில். மைதானத்தின் நடுக்கோட்டில் நான்காவது, கடைசி முயற்சி, பந்தைக் கையில் வைத்திருக்க இன்னும் பதினொரு யார்டு வேண்டும், மூன்று நிமிடம் பாக்கி. பந்தை உதைத்து எதிரணியைத் தூரத்தில் தள்ளுவதுதான் உலக வழக்கம். ஜார்ஜியா கோச் கர்பி ஸ்மார்ட், பல வருடம் சேபனிடம் துணைக் கோச்சாக இருந்தவர், உதைப்பதுபோல் ஏமாற்றி ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் என்ற புதுப் பையனை ஓடச் சொன்னார். அலபாமா ஏமாறவில்லை, அங்கேயே அமுக்கியது. நண்பர் இரண்டு கையையும் தலையில் வைத்தவர் எடுக்கவேயில்லை.

ஒரு நிமிடம் நான்கு நொடி மீதியிருக்க, ஹர்ட்ஸ் 15 யார்டைத் தானே ஓடிக் கோட்டைத் தாண்டினார். 35-28. முன்னால் நின்ற தாத்தா கத்தவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய திரையில் பேட்டி கொடுத்த சேபனுக்கும் குரல் சரியாக வரவில்லை. யாரிடமும் சிரிக்காத மனிதர் என்று நண்பர் அவரைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

இப்போது பிளேஆஃபுக்குப் பன்னிரண்டு அணிகள். 2024-இல் இதே எஸ்இசி சாம்பியன்ஷிப்பில் ஜார்ஜியாவிடம் தோற்ற டெக்சாஸ் நோகாமல் உள்ளே போனது. நல்ல ஆட்டம்தான், கூடுதல் நேரம் வரை போனது, ஆனால் எனக்குக் கை வியர்க்கவில்லை. 2018-இல் தோற்ற ஜார்ஜியாவின் பிளேஆஃப் இடத்தையோ ஓக்லஹோமா வாங்கிக்கொண்டது.

திரும்பும் ரயிலில் ஒருவர்கூடக் குரைக்கவில்லை. முத்துத் தோடு அம்மாளை மறுபடி பார்க்க முடியுமா என்று தேடினேன், காணோம். நண்பர் இறங்கும்வரை ஒரே கேள்வி: "ஏன் உதைக்கவில்லை?"

2025 பிப்ரவரியில் ஹர்ட்ஸ் ஆடிய ஃபிலடெல்ஃபியா அணி, தொழில்முறை ஃபுட்பாலின் இறுதியாட்டமான சூப்பர் பௌலை ஜெயித்து, அவர் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய இரவு, அந்தப் படத்தை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஹர்ட்ஸைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. "உதைத்திருக்க வேண்டும்" என்று மட்டும் பதில் வந்தது.