பினாங்கு அசாம் லக்சாவை வீட்டில் அசல் ருசியோடு செய்ய முடியுமா?

கோலாலம்பூரில் இருந்துகொண்டு பினாங்கு லக்சாவுக்கு (புளிப்பான மீன் சாற்றில் அரிசி நூடுல்ஸ்) ஏங்குவதாகவும், வீட்டில் செய்தால் மீன் குழம்பு மாதிரி வந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வீட்டில் செய்யலாம். நான் பினாங்குக்காரன், எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வோம்.

மசாலாவை எண்ணெயில் வதக்குகிறீர்களா? நம் கை தானாக அதைத்தான் செய்யும். அசாம் லக்சாவுக்குத் தாளிப்பும் இல்லை, வதக்கலும் இல்லை. அரைத்ததைப் பச்சையாகவே மீன் சாற்றில் போட்டுக் கொதிக்க விடவேண்டும். தேங்காய்ப்பாலும் சேராது. பினாங்கின் பாலிக் பூலாவ் பக்கம் பால் ஊற்றிய லக்சா சியாம் விற்பார்கள், அதுவும் அருமைதான், ஆனால் அது வேறு.

உயிர்நாடி மீன் சாறுதான். ஒரு கிலோ கெம்போங் மீனை (தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி) இரண்டு லிட்டர் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வேகவைத்து எடுத்து, சதையை உதிர்த்துத் தனியே வையுங்கள். தலையையும் முள்ளையும் திரும்ப அதே தண்ணீரில் போட்டு இன்னும் அரைமணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். இந்த அரைமணி நேரத்தைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள், சாற்றின் கனம் இங்கேதான் வருகிறது.

ஊறவைத்த காய்ந்த மிளகாய் பதினைந்து, சின்ன வெங்காயம் ஒரு கை, செராய் (எலுமிச்சைப் புல்) இரண்டு தண்டு, கொஞ்சம் மஞ்சள், சுட்ட பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் கட்டி) ஒரு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் நைசாக அரைத்துச் சாற்றில் கலக்குங்கள். புளிப்புக்கு அசாம் கெப்பிங் (காயவைத்த புளிப்புப் பழத் துண்டு) நான்கைந்து, கூடவே கொஞ்சம் புளிக்கரைசல். அப்புறம் டாவுன் கெசும் என்ற வாசனை இலை ஒரு பிடி, பிளந்த புங்கா கந்தான் (இஞ்சி வகைப் பூமொட்டு) ஒன்று. இந்த இரண்டுக்கும் மாற்றே கிடையாது. கொத்தமல்லி, புதினாவைப் போட்டு ஒப்பேற்றினால் அந்த வாசனை வராது. கோலாலம்பூர் சௌ கிட் சந்தையில் தேடிப் பாருங்கள். பூ கிடைத்தால் இரண்டாக வாங்குங்கள், மேலே தூவவும் வேண்டும்.

மிதமான தீயில் முக்கால் மணி நேரம் கொதித்ததும் உதிர்த்த மீனைச் சேருங்கள். உப்பும் சிறிது சர்க்கரையும் ருசி பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

தடித்த அரிசி மீயை (நூடுல்ஸ்) கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் சாற்றை ஊற்றி வடித்து, மறுபடி ஊற்றுங்கள். மீ சூடாகி, சாறு உள்ளே இறங்கும். மேலே வெள்ளரி, அன்னாசி, பெரிய வெங்காயம், சிவப்பு மிளகாய், புதினா, பொடியாக நறுக்கிய பூ.

கடைசியில் ஹே கோ. இந்தக் கறுப்பு இறால் விழுதைப் பானையில் கலக்காதீர்கள். கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஒரு கரண்டியில் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அவரவர் வேண்டிய அளவு கலந்துகொள்ளட்டும். சாறு மிஞ்சினால் மறுநாள் சூடாக்கிச் சாப்பிடுங்கள், புளிப்பு நன்றாக ஊறி இன்னும் ருசியாக இருக்கும்.