பிடிக்கலைன்னா பார்க்காதீங்க!

கேள்வி: அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். குழந்தைகளுக்கான உணவு பற்றி வீடியோ போடும் ஒரு யூடியூப் சேனலில், ஏழு மாதக் குழந்தைக்குக் கொடுக்கும் கேழ்வரகுக் கூழில் ஒரு ஸ்பூன் தேன் கலக்கச் சொன்னார்கள். 'ஒரு வயது முடியும்வரை தேன் கொடுக்கக் கூடாது, தயவுசெய்து திருத்திவிடுங்கள்' என்று மரியாதையாகத்தான் கமெண்ட் போட்டேன். மறுநாள் அந்தக் கமெண்டைக் காணோம். அடுத்த வீடியோவில் அந்தப் பெண், "சிலர் நெகட்டிவிட்டி பரப்பவே வர்றாங்க. பிடிக்கலைன்னா பார்க்காதீங்க" என்று கண் கலங்கினார். 'நாங்க இருக்கோம் அக்கா' என்று கீழே வரிசையாக இதயங்கள். இலவசமாகப் பார்க்கிற நாம் குறை சொல்லவே கூடாதா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால்தான் தப்பு. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள், அதாவது உறங்கும் நிலையில் இருக்கும் வித்துகள், இருக்கக்கூடும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்தால் நஞ்சு உண்டாகும், தசைகள் தளரும், மூச்சு விடுவதே சிரமமாகும். அபூர்வமாக வருவதுதான், ஆனால் வந்தால் ஐ.சி.யூ. வரை போகிற விவகாரம். வீட்டு அடுப்பில் கூழை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த ஸ்போர்கள் சாவதில்லை. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் ஊர் நம்முடையது. இங்கே நீங்கள் எழுதிய ஒரு வரி, அந்த வீடியோ முழுவதையும்விடப் பயனுள்ளது.

கமெண்ட் எப்படிக் காணாமல் போயிருக்கும்? அவரே அழித்திருக்கலாம். யூடியூபின் வடிகட்டி பிடித்து வைத்திருக்கலாம். லிங்க் இருந்தாலோ, சேனல்காரர் தடை செய்த சொல் இருந்தாலோ அப்படி நடக்கும். மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. ஒரு பார்வையாளரை 'மறைத்து' வைக்கும் வசதி சேனல்காரரிடம் இருக்கிறது. மறைக்கப்பட்டவருக்குத் தகவல் வராது. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருப்பார், மற்றவர்கள் கண்ணில் எதுவும் படாது. உங்கள் விஷயத்தில் எது நடந்ததோ, எனக்குத் தெரியாது. அடுத்த வீடியோவில் கண் கலங்கியதை வைத்துப் பார்த்தால், படித்துவிட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

'இலவசம்' என்கிறீர்களே, அது பாதிதான் உண்மை. நீங்கள் காசு கொடுக்கவில்லை. உங்கள் நேரத்துக்கு விளம்பரதாரர் காசு கொடுக்கிறார். வருமானம் வரும் சேனலாக இருந்தால், நீள வீடியோக்களின் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் அவருக்குப் போகிறது. ஓசிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு உப்புக் குறை சொல்கிற ஆள் இல்லை நீங்கள். அப்படியே முழுக்க இலவசமாக இருந்தாலும், ஏழு மாதக் குழந்தை விஷயத்தில் அது ஒரு வாதமா?

2021 நவம்பரில் யூடியூப், டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்தது. கும்பலாகக் கூடி டிஸ்லைக் குத்துவதிலிருந்து சிறிய சேனல்களைக் காப்பாற்றவே என்று காரணம் சொன்னார்கள். யூடியூபை நிறுவிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீமுக்கே இது பிடிக்கவில்லை. 2005இல் அவர் ஏற்றியதுதான் யூடியூபின் முதல் வீடியோ. அதன் கீழே இருக்கும் விவரக்குறிப்பை மாற்றி, அங்கேயே தன் கண்டனத்தை எழுதி வைத்தார். பொத்தான் இன்றும் இருக்கிறது. எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பது சேனல்காரருக்கு மட்டும் தெரியும். ஆக, 'இது தப்பு' என்று நாலு பேர் பார்க்கச் சொல்ல அந்தப் பக்கத்தில் மிச்சம் இருப்பது கமெண்ட் ஒன்றுதான். அதன் சாவியும் சேனல்காரர் கையில். அதனால்தான் நியாயமான ஒரு கமெண்டை அழிப்பதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெரிய சேனல்கள் மட்டும் ஒழுங்கா என்றால், கம்ப்யூட்டர் கருவிகளைச் சோதித்து விமர்சிக்கும் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் சேனலைப் பாருங்கள். ஒன்றரைக் கோடிக்கு மேல் சந்தாதாரர்கள், பெரிய அலுவலகம், பரிசோதனைக்கூடம் எல்லாம் உண்டு. 2023 ஆகஸ்ட் 14 அன்று, அதே துறையில் இருக்கும் கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற சேனல் அவர்களுடைய தவறுகளை அடுக்கி ஒரு வீடியோ போட்டது. பில்லட் லேப்ஸ் என்ற குட்டி பிரிட்டிஷ் நிறுவனம், கிராபிக்ஸ் கார்டைக் குளிர்விக்கும் செப்புக் கருவி ஒன்றைச் சோதித்துப் பார்க்க அனுப்பியிருந்தது. அது 3090 டிஐ கார்டுக்காகச் செய்யப்பட்டது. லைனஸ் குழுவினர் அதை வேறு மாடலான 4090 கார்டில் பொருத்திப் பார்த்து, 'வாங்காதீர்கள்' என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். சரியான கார்டில் மறுபடி சோதிக்கலாமே என்றதற்கு, ஊழியர் நேரம் சில நூறு டாலர் வீணாகும் என்று பதில். கடைசியில், திருப்பிக் கொடுக்க வேண்டிய அந்த மாதிரிக் கருவியை ஓர் அறப்பணி ஏலத்தில் விட்டும்விட்டார்கள்.

இத்தனைக்கும் சேனலைத் தொடங்கிய லைனஸின் முதல் பதில் என்ன தெரியுமா? 'வீடியோ போடும் முன் என்னிடம் ஏன் கேட்கவில்லை?' கூடவே, 'விற்கவில்லை, அறப்பணிக்காக ஏலம்தான் விட்டோம்' என்று ஒரு நுணுக்கம் வேறு. இரண்டு நாள் கழித்து நிறுவனமாக மன்னிப்பு வீடியோ வெளியிட்டார்கள். அதற்குள்ளும் ஜோக்குகள், சொந்தக் கடைப் பொருளுக்கு விளம்பரம். மன்னிப்புக்கே இன்னொரு சுற்று வசை விழுந்தது. ஒரு வாரம் போலத் தயாரிப்பை நிறுத்தி வைத்து, வேலை செய்யும் முறையை மாற்றுகிறோம் என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிப் புயல் வந்திருக்காது என்பது என் கணிப்பு.

இப்போது எதிர்ப்பக்கம். வெரிட்டாசியம் என்ற அறிவியல் சேனலின் டெரெக் முல்லர், 2021 நவம்பரில் மின்சாரம் பற்றி ஒரு புதிர் போட்டார். பேட்டரிக்கு ஒரு மீட்டர் தள்ளி பல்பு. ஒயரோ இரு பக்கமும் தலா மூன்று லட்சம் கிலோமீட்டர் நீளம், வெகு தூரம் போய்த் திரும்பி வருகிறது. சுவிட்சைப் போட்டால் பல்பு எப்போது எரியும்? ஏறத்தாழ உடனே என்றார் அவர், ஆற்றல் ஒயருக்குள் இல்லாமல் சுற்றியுள்ள மின்காந்தப் புலம் வழியாகப் போவதால். எலெக்ட்ரோபூம் என்ற மின்னியல் சேனலை நடத்தும் மெஹ்தி சதாக்தார் உட்படப் பல பொறியாளர்கள் பாய்ந்தார்கள்: முதலில் வருவது துளி மின்னோட்டம், அதை வைத்து பல்பு 'எரிந்தது' என்று சொல்வதா? முல்லர் யாரையும் 'ஹேட்டர்' என்று சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் இரண்டாவது வீடியோ போட்டார். விமர்சித்தவர்களின் வாதங்களை எடுத்துக் காட்டினார், முதல் வீடியோவில் தான் தெளிவாகச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார், சிறிய அளவில் அதே சுற்றை அமைத்து அளந்தும் காட்டினார். தான் சொன்னதன் மையத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. சண்டை போட்டவர்கள் புண்ணியத்தில் பார்வையாளனுக்கு முதலாவதைவிட நல்ல பாடம் ஒன்று கிடைத்தது.

சேனல்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பெண்கள் நடத்தும் சேனல்களுக்குக் கீழே எழுதப்படும் அசிங்கத்தை எந்தப் பத்திரிகையிலும் அச்சிட முடியாது. உடம்பு, நிறம், புடவை, புருஷன் என்று எதையும் விடுவதில்லை. தினமும் அதைக் கழுவிக்கொண்டிருப்பவருக்கு ஒரு நல்ல கமெண்டும் சாக்கடையோடு சேர்ந்து போய்விடலாம். ஆனால், வசவையும் உங்கள் வரியையும் 'நெகட்டிவிட்டி' என்ற ஒரே மூட்டையில் கட்டி, அதைக் காட்டி ஆதரவு திரட்டுவது அசதியில் செய்கிற காரியம் இல்லை. ரசிகர்களைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, கேட்ட கேள்வியிலிருந்து தப்பிப்பது அது.

திருத்துவது கஷ்டம் என்பார்கள். ஏற்றிய வீடியோவுக்குப் பதில் அதே முகவரியில் வேறொன்றை வைக்க முடியாது என்பது உண்மை. அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் வியூஸ் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், வலி அங்கேதான். ஆனால், தப்பான பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் வசதி யூடியூபின் எடிட்டரிலேயே இருக்கிறது. கமெண்டுகளின் உச்சியில் திருத்தத்தை பின் செய்யலாம். தேன் சொன்ன இருபது விநாடியை வெட்ட எவ்வளவு நேரமாகும்? கண் கலங்கி வீடியோ எடுத்த நேரத்தில் பத்து முறை வெட்டியிருக்கலாம்.

பத்திரிகைக்காரர்கள் யோக்கியமா என்று கேட்பீர்கள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தப்பு, ஏழாம் பக்க மூலையில் எறும்பு எழுத்தில் வருத்தம் என்பது எங்கள் பரம்பரை வழக்கம்தான். ஆனாலும், சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' 2006இல் வாசகர் ஆசிரியர் என்று ஒரு பதவியை உண்டாக்கியது. வாசகர் சுட்டும் பிழைகளை விசாரித்துப் பேப்பரிலேயே திருத்தம் போடுவது அவர் வேலை. திருத்தம் போட்டதற்காக யாரும் சந்தாவை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: இன்னொரு முறை எழுதுங்கள். எத்தனையாவது நிமிடம், என்ன தப்பு, என்ன சரி என்று மூன்றே வரி, லிங்க் வேண்டாம். எழுதிய பிறகு, கணக்கிலிருந்து வெளியேறி, கமெண்ட் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் சேனல் விவரப் பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் பொறுத்தும் பலன் இல்லையென்றால் வீடியோவை ரிப்போர்ட் செய்யுங்கள், தயக்கமே வேண்டாம். அதோடு, தனியாக கிளினிக் வைத்திருக்கும் குழந்தை மருத்துவர் யாரையாவது பிடித்து, தேன் பற்றி ஒரு நிமிட ஷார்ட்ஸ் போடச் சொல்லுங்கள். அதற்குக் கீழேயும் நாலு பேர் 'எங்க பாட்டி காலத்துல குடுக்கலையா?' என்று சண்டைக்கு வருவார்கள். டாக்டரிடம் அந்தக் கமெண்டுகளை அழிக்க வேண்டாம், பதில் எழுதுங்கள் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.