தாவரக் கழிவிலிருந்து சூப்பர் கெப்பாசிட்டர் மின்முனை: கல்லூரி ஆய்வகத்தில் எப்படிச் செய்வது?

சூப்பர் கெப்பாசிட்டருக்கு (துளைகள் நிறைந்த கரியின் பரப்பில் மின்னூட்டத்தைத் தேக்கும் சாதனம்) கழிவுக் கரியில் மின்முனை செய்ய எந்தக் கழிவு, என்ன அளவு, எப்படி அளப்பது என்று மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள்.

கொட்டாங்குச்சியையே எடுங்கள். சாம்பல் மிகக் குறைவு, கரி கெட்டியாக வரும். கடையில் விற்கும் சூப்பர் கெப்பாசிட்டர்களிலும் தேங்காய் ஓட்டுக் கரி ஏராளம். நெல் உமி மலிவுதான். ஆனால் எடையில் 15–20% சாம்பல், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. அதை நீக்குவதே தனி ப்ராஜெக்ட் ஆகிவிடும்.

நாரைச் சுரண்டி, கழுவி, 110 டிகிரி செல்சியஸில் உலர்த்தி உடைத்து, குழாய் உலையில் நைட்ரஜன் ஓட்டத்தில் 500 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். ஏறக்குறைய கால்வாசி எடை கரியாக நிற்கும். பொடித்துச் சலியுங்கள்.

துளை உண்டாவது அடுத்த கட்டத்தில்தான். 2 கிராம் கரிக்கு 6 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கலந்து உலர்த்துங்கள். நிக்கல் படகில் (உலைக்குள் வைக்கும் சிறு தட்டு) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், உருகும்போது நுரைத்துப் பொங்கும். குவார்ட்ஸ் படகு வேண்டாம், காரம் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) அதைத் தின்றுவிடும். 400 டிகிரியில் அரை மணி நிறுத்தி, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 800க்கு ஏற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். இந்தச் சூட்டில் பொட்டாசியம் உலோகமே உருவாகி, ஆவியாகி, குழாயின் குளிர்ந்த முனையில் படியும். அதன்மேல் நேராகத் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். நைட்ரஜனை நிறுத்தாமல் அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, புகைப்போக்கிக் கூண்டுக்குள் முதலில் ஐசோபுரொப்பனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குமிழி அடங்கிய பிறகே தண்ணீர். பொறுப்பாசிரியர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

காரத்தைக் கூட்டினால் பரப்பளவு ஏறும். கூடவே கரி பஞ்சுபோல் லேசாகி, ஒரு கன சென்டிமீட்டருக்கான கொள்திறன் (தேக்கும் மின்னூட்ட அளவு) சரியும். அறிக்கையில் அழகாக இருக்கும், மின்கலத்தில் உதவாது.

1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில மணி நேரம் கலக்கி, பிறகு வெந்நீரில் பி.எச். 7 வரும்வரை அலசுங்கள். கடைசிக் கழுவுநீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்மை படரக் கூடாது. பலர் அவசரப்படும் இடம் இது. கழுவாமல் விட்ட கார்பனேட் துளையை அடைக்கும், குளோரைடு உலோகத்தை அரிக்கும்.

கரி 80, கார்பன் பிளாக் (மின்கடத்தும் நுண்கரி) 10, பி.டி.எஃப்.இ. (டெஃப்ளான்) பசை 10 (உலர் எடையில்). எத்தனால் சில சொட்டு விட்டு மாவுபோல் பிசைந்து, தகடாகத் தேய்த்து, நிக்கல் நுரையில் (மின்னோட்டத்தைக் கடத்தும் துளையுள்ள உலோகத் தகடு) அழுத்துங்கள். பி.வி.டி.எஃப். (இன்னொரு வகை ஃப்ளோரின் பாலிமர்) பசை வேண்டாம், கடுங்காரத்தில் சிதையும். மின்பகுளி (மின்முனைகளுக்கு இடையே உள்ள கரைசல்) 6 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. வெற்றிடத்தில் ஊறவைத்தால்தான் உள்துளை வரை நனையும்.

அளக்கும்போது ஒரே அளவான இரு மின்முனைகளை வைத்து அளங்கள், 1 வோல்ட் வரை. மூன்று மின்முனை அமைப்பில் (ஒரு மின்முனையை மட்டும் தனி ஒப்பீட்டு மின்முனையோடு வைத்து அளப்பது) 1 மில்லிகிராம் கரியை வைத்து வரும் பெரிய எண்ணில் நிக்கல் நுரையின் பங்கும் கலந்திருக்கும். வெறும் நுரையைத் தனியாக ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். மாறாத மின்னோட்டத்தில் ஏற்றி இறக்கினால் கிராமுக்கான கொள்திறன் கணக்கு: 2 × மின்னோட்டம் × இறங்கும் நேரம் ÷ (ஒரு மின்முனையின் கரி எடை × வோல்ட்). தொடக்கத்தில் சட்டென விழும் வோல்ட்டைக் கழித்துவிடுங்கள். 8 மில்லிகிராம், 8 மில்லி ஆம்பியர், 1 வோல்ட், 100 நொடி என்றால் கிராமுக்கு 200 ஃபாரட்.

சி.வி. வளைவு (வோல்ட்டைச் சீராக ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரையும் படம்) செவ்வகமாக இல்லாமல் இலைபோல் சாய்ந்தால் மின்தடை அதிகம்: அழுத்தம் போதவில்லை, அல்லது பசை கூடிவிட்டது. 1 வோல்ட் முனையில் மட்டும் வால் நீண்டால் தண்ணீர் பிரிகிறது, 0.9க்கு இறக்குங்கள்.