பழைய லாரி உதிரிகள்: காப்பதா, கழிப்பதா?

கேள்வி: பழைய லாரியிலிருந்து கழற்றிய கியர் பாக்ஸும் பின் ஆக்சிலும் பல ஆண்டுகளாகக் கிடக்கின்றன. சரிசெய்து பயன்படுத்தலாமா, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

பதில்: திறந்து பார்க்காமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் எண்ணெயை வடித்து, வடிகால் திருகின் காந்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு போன்ற மென்துகள் இயல்பான தேய்மானம்தான். நகத்தில் சிக்கும் அளவுக்குச் செதில்களோ பல்லின் துண்டுகளோ இருந்தால், உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து கியர்களின் பற்களைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பல்லின் மேற்புறம் மட்டுமே மிகக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டிருப்பதால், அந்த அடுக்கு பெயர்ந்து குழிவிழுந்த கியரைச் சாணை பிடித்தோ பற்றவைத்தோ மீட்க முயல்வது வீண். பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய கியரான கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் சிறிய கியரான பினியனும் ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்ட ஜோடி என்பதால், ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றியே ஆகவேண்டும். இந்தச் செலவுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்டின் ஸ்ப்லைன் வரிகள் (முனையில் நீளவாக்கில் வெட்டிய பள்ளங்கள்) நேராக ஓடாமல் சற்றே முறுக்கியிருந்தாலும் அதைக் கழித்துவிடுங்கள், ஏனெனில் சுமையேற்றிய வண்டியில் அது முறிந்தால் உயிருக்கே ஆபத்து.

பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் எப்படியும் புதிதாகவே போடவேண்டும். விரிசலில்லாத ஹவுசிங்கை (வெளிக்கூட்டை) மட்டும், அந்த மாடலுக்கு உதிரி அரிதென்றால், கட்டாயம் காப்பாற்றி வையுங்கள்.