மகள் ஜியாலஜி கேட்கிறாள் என்றால்

ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளிச் சுற்றுலாவில் மகாராஷ்டிரத்து மலையூரான மகாபலேஷ்வர் போய்வந்ததிலிருந்து உங்கள் மகள் இன்ஜினியரிங் வேண்டாம், ஜியாலஜிதான் என்று நிற்கிறாள். "கல்லைப் பொறுக்கி என்ன சம்பாதிப்பாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கு அப்புறம் வருகிறேன். அவளைப் பிடித்துக்கொண்டது எது என்று முதலில் பாருங்கள். எந்தப் பாடத்தை அவள் கைவிடக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

அந்த மலைச்சரிவில் படிக்கட்டுபோலத் தெரிவதெல்லாம் லாவா, தக்காண லாவா என்பார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து இறுகியது. இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. இவ்வளவு குழம்பு எங்கிருந்து வந்தது? பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்தில், வெகு ஆழத்திலிருந்து சூடான பாறை தூண்போல எழுந்தது, மேன்டில் ப்ளூம் என்பார்கள், அதன்மேல் அன்று இந்தியா இருந்தது என்கிறார்கள் பலர். இந்தியா வடக்கே நகர்ந்துவிட்டது. தூண் இருந்த இடத்திலேயே நின்று, லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று கடலடியில் தடம் விட்டு, இன்று ரீயூனியன் தீவின் எரிமலைக்கு அடியில் இருக்கிறதாம்.

மும்பைக்கும் ரீயூனியனுக்கும் 4,500 கிலோமீட்டருக்கு மேல். இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் கெமிஸ்ட்ரி வருகிறது. ஹீலியத்தில் இரண்டு ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் மாறிய இரண்டு வகை அணுக்கள், உண்டு. ஹீலியம்-4 யுரேனியமும் தோரியமும் சிதையும்போது புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஹீலியம்-3 பெரும்பாலும் பூமி உருவானபோதே உள்ளே அடைபட்டது. அதனால் ஹீலியம்-4-க்கு எதிரே ஹீலியம்-3-இன் விகிதம் உயர்ந்திருந்தால், குழம்பு ஆழத்திலிருந்து வந்தது என்று கொள்கிறார்கள். நடுக்கடல் முகடுகளின், அதாவது கடலடி மலைத்தொடர்களின், பாறையில் இந்த விகிதம் காற்றில் இருப்பதைப்போல சுமார் 8 மடங்கு. கண்ட மேலோட்டிலோ 1 மடங்குகூட இல்லை. தக்காண லாவாவோடு தொடர்புடைய, அதைவிடச் சற்றே மூத்த ராஜஸ்தான் பாறைகளில் 14 மடங்கை நெருங்கியது என்று 1993-இல் வெளியிட்டார்கள். ரீயூனியன் லாவாவிலும் ஏறத்தாழ அதே அளவுதான். மேலோடு கலந்தால் இந்த எண் இறங்குமே தவிர ஏறாது. அதனால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை. குழம்பு மேலே வரும் வழியில் பழைய மேலோட்டையும் கரைத்துக் கலந்துகொள்கிறது. தக்காண லாவாவில் புஷே என்ற அடுக்கில் அந்தக் கலப்படம் அதிகம், அம்பேனளி என்ற அடுக்கில் மிகக் குறைவு. இதை ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்பு காட்டிக்கொடுக்கும். கண்டம் பிளந்ததாலேயே குழம்பு வந்தது, தூண் தேவையில்லை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஹீலியம் பக்கம்தான் மனம் சாய்கிறது. உங்கள் மகளிடம் கேளுங்கள்: இப்படி முடியாத சண்டை பிடிக்குமா, எரிச்சலூட்டுமா? எரிச்சலென்றால் ஆராய்ச்சி வேண்டாம்; ஜியாலஜியில் வேறு வேலைகள் இருக்கின்றன.

சரி, வேலை. மத்திய அரசின் யூபிஎஸ்சி நடத்தும் புவி விஞ்ஞானித் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் போகலாம். அதற்கு முதுகலை கட்டாயம்; பி.எஸ்சி.யோடு நிறுத்திவிட்டு வேலை கேட்டு வராதீர்கள். பி.எஸ்சி. ஜியாலஜி சென்னை மாநிலக் கல்லூரியில் உண்டு, சேலம் அரசு கலைக் கல்லூரியில் உண்டு. கடைசி ஆண்டில் ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. மும்பை ஐஐடியில் இடம் கிடைத்தால் அவள் நிற்கும் தரையே தக்காண பசால்ட், அந்த லாவா இறுகிய பாறை. ஆராய்ச்சி என்றால் அதற்கு மேலும் ஐந்தாறு வருடம், உதவித்தொகையில். இதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

பெண் பிள்ளை காடுமலை அலைய வேண்டுமே என்று கேட்டிருக்கிறீர்கள். கள வேலை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஐசோடோப்பு வேலையில் பெரும்பகுதி ஆய்வகத்தில்தான், கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, ஐசோடோப்புகளை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் முன்னால் உட்கார்ந்து. அதனால் கெமிஸ்ட்ரியையும் கணக்கையும் அவள் இப்போது தளர்த்தவே கூடாது.

இன்னொன்று. தமிழில் ஜியாகிரபியும் புவியியல், சில இடங்களில் ஜியாலஜியும் புவியியல். போன வருடம் ஒரு பையன் தெரியாமல் ஜியாகிரபியில் சேர்ந்துவிட்டான். விண்ணப்பத்தை அனுப்பும் முன் பாடத்தின் பெயர் இருக்கும் அந்த ஒரு வரியை நீங்களே படித்துப் பாருங்கள்.