இரகசியமாகப் பேசுவது துரோகமா?

கேள்வி: பகையாளிகளான இரு தரப்புத் தலைவர்கள் மக்களுக்குத் தெரியாமல் பேசுவது துரோகம் இல்லையா? அப்படிப் பேசி உருப்பட்ட நாடு ஏதாவது உண்டா?

உண்டு. உருப்படாத நாடும் உண்டு, அதில்தான் நான் பிறந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் திருகோணமலை, திருக்கடலூர்க்காரன். 1990 மார்ச் 24 அன்று இந்திய அமைதி காக்கும் படையின் கடைசிப் பிரிவு எங்கள் துறைமுகத்தில்தான் கப்பலேறியது. எனக்கு அப்போது 14 வயது. கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர்கள் "இனிப் பிரச்சினை வீட்டுக்குள்ளே, பேசித் தீர்த்துக்கொள்வார்கள்" என்றார்கள். நம்பக் காரணம் இருந்தது. ஜனாதிபதி பிரேமதாசாவின் அரசும் விடுதலைப் புலிகளும் 1989 மே முதல் கொழும்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நடப்பது ஊருக்கே தெரியும். அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது மட்டும் பிறகுதான் வெளியே வந்தது. இந்தியப் படையை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் இரண்டு பேருக்கும் பொது. படை போனதும் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஜூனில் யுத்தம். நாங்கள் பொட்டணம் கட்டினோம்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். இரகசியப் பேச்சு என்று எங்காவது வாசித்தால், மூன்றாமவனைப் பற்றிப் பேசினார்களா, தங்களைப் பற்றிப் பேசினார்களா என்று தேடுவேன்.

தென்னாபிரிக்காவில் தங்களைப் பற்றிப் பேசினார்கள். 1985இல் சிறைக்கைதியான நெல்சன் மண்டேலாவுக்குக் கேப் டவுன் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. வெள்ளையர் அரசின் நீதி அமைச்சர் கோபி கூட்சே நோயாளியைப் பார்க்க வருவதுபோல் வந்தார். சிறைக்குத் திரும்பிய மண்டேலாவைத் தோழர்களிடமிருந்து பிரித்து வேறு தளத்தில் வைத்தார்கள். அவர் அதை எதிர்க்கவில்லை. தனியே இருந்தால்தான் பேச்சைத் தொடங்க முடியும் என்று கணக்குப் போட்டார். தோழர்களிடம் முன்கூட்டிக் கேட்கவும் இல்லை, கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் சொல்லும் துரோகச் சந்தேகம் அங்கேயும் எழுந்தது. சாம்பியாவின் லுசாக்காவிலிருந்து, மண்டேலாவின் இயக்கமான ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர் ஒலிவர் தம்போ இரகசியமாகக் கடிதம் அனுப்பி, அங்கே என்னதான் பேசுகிறீர்கள் என்று கேட்டார். நமது இயக்கமும் அரசும் சந்திக்க வேண்டும் என்பதை மட்டும்தான் என்று மண்டேலா பதில் எழுதினார்.

உளவுத்துறைத் தலைவர் நீல் பார்னார்டின் குழுவோடு பேச்சு பல மாதங்கள் நீண்டது. ஆயுதப் போராட்டம், கம்யூனிஸ்ட்டுகளோடு உள்ள கூட்டு, பெரும்பான்மை ஆட்சி வந்தால் வெள்ளையரின் கதி என்று இரு தரப்புக்கும் தொண்டையில் முள்ளாக நின்ற விஷயங்களெல்லாம் அங்கே பேசப்பட்டன. 1989 ஜூலை 5 அன்று மண்டேலாவை ஜனாதிபதி போத்தாவிடம் அழைத்துப்போனார்கள். வாசலில் பார்னார்ட் கவனித்தார், கிழவரின் சப்பாத்துக் கயிறு சரியாகக் கட்டப்படவில்லை. உளவுத்துறைத் தலைவர் முழந்தாளிட்டுக் கைதியின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டார்.

பகிரங்கமாகப் பேசினால் மட்டும் என்ன கிடைத்துவிட்டது? 2002 செப்டெம்பர் முதல் 2003 மார்ச் வரை தாய்லாந்து, ஒஸ்லோ, பெர்லின், ஜப்பானின் ஹக்கோனே என்று நம் நாட்டு அரசும் புலிகளும் ஆறு சுற்றுப் பேசினார்கள். கமராக்களுக்குக் குறைவே இருக்கவில்லை. 2006இல் எங்கள் மாவட்டத்தின் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டது, அதோடு போர் திரும்பி வந்தது.

மண்டேலா விடுதலையான பிறகு தென்னாபிரிக்காவிலும் பேச்சு முறிந்ததுண்டு. 1992 ஜூனில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பொய்பட்டொங்கில் படுகொலை நடந்ததும் மண்டேலாவின் கட்சி எழுந்து போய்விட்டது. ஆனால் கட்சியின் செயலாளர் நாயகம் சிறில் ரமபோசாவும் அரசின் அமைச்சர் ரோல்ஃப் மேயரும் தொடர்பை விடவில்லை. சத்தமில்லாமல் சந்தித்துக்கொண்டே இருந்தார்கள், செப்டெம்பர் 26 அன்று பேச்சை மீண்டும் தொடங்க வழிவிட்ட உடன்பாடு கையெழுத்தானது. அந்த இருவரின் பழக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அதற்கு முந்திய ஆண்டு, ஒரு நண்பரின் பண்ணையில் மீன் பிடிக்கப் போன இடத்தில் மேயரின் விரலில் தூண்டில் முள் ஏறிவிட்டது. தாதியான ரமபோசாவின் மனைவி முயன்றும் வரவில்லை. கடைசியில் ரமபோசா ஒரு கிளாஸ் விஸ்கியைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, குறட்டால் பிடித்து ஒரே இழுவையில் எடுத்தார்.

2014 ஜூலையில் ரமபோசா தென்னாபிரிக்காவின் சிறப்புத் தூதராக இலங்கைக்கு வந்தார். எங்கள் அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் சம்பந்தன் ஐயாவின் கட்சியினரையும் சந்தித்தார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்தபோது இந்தக் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். நாற்பது வருடம் கடலில் கிடந்தவர், வலது கைப் பெருவிரலில் பழைய முள் தழும்பு இருக்கிறது. பேச்சுவார்த்தையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இழுக்கக் கூடாது" என்றார். "நுனியில் எதிர்முள் இருக்கிறது, இழுத்தால் சதையைக் கிழிக்கும். முன்னால் தள்ளி மற்றப் பக்கம் வெளியே கொண்டுவந்து, எதிர்முள்ளைக் குறட்டால் வெட்டிவிட்டுத்தான் உருவ வேண்டும்."

பத்திரிகையில் இருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "அந்த மனிதருடைய விரல் பிறகு மடங்கியதாமா?"