மாவுக்கட்டுக்குக் கைதட்டாதீர்கள்

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகி: அக்கா, போலீஸில் பிடிபட்டவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று மாவுக்கட்டோடு போட்டோ வந்தால் போதும், என் வீட்டுக்காரர் உடனே ஃபேமிலி குரூப்பில் போட்டு 'இதான் கரெக்ட்' என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ரவுடிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று திட்டு வேறு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் மனசு சொல்வதுதான் சரி தங்கச்சி. அந்தக் கை எப்படி முறிந்திருக்கும் என்று போட்டோவை அனுப்புகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும், தெரிந்தேதான் ரசிக்கிறோம், எனக்கு ஆத்திரம் வருவது அந்த இடத்தில்தான்.

எங்கள் கொருக்குப்பேட்டைத் தெருவில் ஒரு பையன். அப்போது பத்தொன்பது வயசு, கன்டெய்னர் யார்டில் லோடு ஏற்றும் வேலை. செல்போன் பறிப்பு என்று ஒரு ராத்திரி கூட்டிக்கொண்டு போனார்கள், நாலு நாள் கழித்து வலது கையில் கட்டோடு அவன் போட்டோ எல்லார் போனிலும் வந்தது. ஜாமீனில் வந்தபின் வாசற்படியில் உட்கார வைத்து அவன் அம்மா சோறு பிசைந்து ஊட்டுவார். எதிர்வீட்டுக் குழந்தைகள் இவ்வளவு பெரிய அண்ணனுக்கு ஊட்டுகிறார்களே என்று பார்த்துக்கொண்டு நிற்கும், அவன் தலையைத் தூக்கவே மாட்டான். கேஸ் நடந்தது. போனைப் பறிகொடுத்தவரே கோர்ட்டில் வந்து 'இவன் இல்லை' என்று சொன்னார், விடுதலை. முழங்கை மட்டும் இன்றுவரை முழுசாக நீளவில்லை. லோடு வேலை போனது போனதுதான். அந்த விடுதலைச் செய்தியை ஒரு குரூப்பிலும் ஒருத்தரும் போடவில்லை.

'அவன் நிஜமாகவே செய்திருந்தால்?' என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். செய்திருந்தால் சட்டத்தில் அதற்கு வருஷக்கணக்கு இருக்கிறது, கையை முறி என்று எந்தப் பிரிவிலும் இல்லை. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்திலேயே இருப்பது. காவலில் வைத்திருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி எத்தனையோ வருஷமாகிறது. ரிமாண்டுக்கு வரும் ஒவ்வொரு கட்டையும் பார்த்து 'இது எப்படி ஆச்சு?' என்று மாஜிஸ்திரேட் விடாமல் கேட்டால் பாதி மாவுக்கட்டு நின்றுவிடும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில், ஒரு பெண் டாக்டரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற கேஸில் பிடிபட்ட நாலு பேரை என்கவுன்டரில் சுட்டபோது ஜனங்கள் போலீஸ் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் போட்ட சிர்புர்கர் ஆணையம் 2022-ல் கொடுத்த அறிக்கை, சாகட்டும் என்றே வேண்டுமென்று சுட்டார்கள் என்றது, செத்தவர்களில் மூன்று பேருக்குப் பதினெட்டு வயசுகூட நிரம்பவில்லை என்றும் சொன்னது. தூவிய பூவை யார் திருப்பி எடுப்பது?

நம்ம ஏரியா என்றாலே ரவுடி என்று எழுதுகிற ஊர் இது. பெரம்பூரில் 2024 ஜூலையில் பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை நடந்தபின், வேலைக்கு இன்டர்வியூ போன வியாசர்பாடிப் பிள்ளைகளிடம் 'எந்தப் பக்கம்?' என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை என்னிடமே நாலைந்து பேர் சொல்லி அழுதிருக்கிறார்கள். நாளைக்கு ஆள் மாறி அடி விழுந்தால் அது பெசன்ட் நகரில் விழாது தங்கச்சி, நம் தெருவில்தான் விழும்.

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்: ஆளவந்தார் கொலை கேஸில் தலை எங்கள் கடற்கரையில்தான் கிடைத்தது என்று என் பேத்தி யூட்யூபில் பார்த்துவிட்டுச் சொல்கிறாள். உண்மையா? அந்தக் காலத்து நீதி இப்போது உண்டா?

உண்மைதான் ஐயா. 1952 ஆகஸ்ட். சைனா பஜார் வியாபாரி ஆளவந்தாரின் தலையில்லாத உடம்பு தனுஷ்கோடி போகும் ரயிலில் டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கிடைத்தது, தலை ராயபுரம் கடற்கரையில். இரண்டும் ஒரே ஆளுடையதுதான் என்று மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் பொறுமையாகப் பொருத்திக் காட்டினார்கள். கொன்ற பிரபாகர மேனனுக்கு 7 வருஷம், அவர் மனைவி தேவகிக்கு 3 வருஷம். யாரையும் அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் நின்ற கேஸ் இல்லை, டாக்டர்களின் உழைப்பில் நின்ற கேஸ். பேத்தியிடம் அதைச் சொல்லுங்கள்.

ஆனால் அந்தக் காலமே பொற்காலம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எட்டு வருஷம் முன்னால், 1944 நவம்பரில், வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன, சினிமாக்காரர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிய பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனைக் குத்திக் கொன்ற கேஸில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை வாங்கினார்கள். அந்தக் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து 1947 ஏப்ரலில்தான் விடுதலை. ஏறத்தாழ முப்பது மாசம் உள்ளே. கலைவாணர் எப்படியோ எழுந்து நின்றார், பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவே இல்லை. கொன்றது யார் என்று இன்றைக்கும் தெரியாது. அன்றைய சூப்பர் ஸ்டாருக்கே அந்தக் கதி. இன்றைக்கு நாட்டில் சிறையில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். புழல் வாசலில் திங்கள்கிழமை மனு போட்டு உள்ளே இருப்பவரைப் பார்க்க வந்து நிற்கும் பெண்களைப் பார்த்தால், பிரிவி கவுன்சில் வரை போக யாரிடம் காசு இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: கஞ்சாவை எலி தின்றது என்று கேஸே தள்ளுபடி ஆனதாமே? செம காமெடி!

எனக்கு இது காமெடியாகப் படவில்லை தம்பி. மெரினா பக்கம் 2020-ல் இரண்டு பேரிடம் 22 கிலோ பிடித்ததாகக் கேஸ். கோர்ட்டுக்கு வந்தது சாம்பிள் மட்டும். மிச்சம் எங்கே என்றதற்கு எலி தின்றுவிட்டது என்று பதில், 2023 ஜூலையில் இரண்டு பேரும் விடுதலை. அதற்கு முந்தின வருஷம்தான் மதுராவில் 581 கிலோவுக்கு இதே பதில். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 வருஷம் தண்டனை. அப்படிப்பட்ட கேஸில் பிடித்த சரக்கை மாஜிஸ்திரேட் முன்னால் எடை போட்டு, சாம்பிள் எடுத்து, சீக்கிரமே அழித்துவிட வழி சொல்லும் 52ஏ என்று ஒரு பிரிவு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் செய்யாத அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். உண்மையிலேயே விற்றவர்கள் என்றால் தப்பித்தார்கள், விற்காதவர்கள் என்றால் மூன்று வருஷமாகக் கேஸோடு அலைந்தார்கள். எப்படிப் பார்த்தாலும் அநியாயம். உங்கள் காலேஜ் வாசலில் பொட்டலம் விற்பவனுக்குத்தான் இதில் லாபம்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்: வீடியோ காலில் சிபிஐ யூனிபார்மில் ஒருவர் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார். கேமராவை விட்டு நகரக் கூடாதாம்.

போனை வையுங்கள் ஐயா. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. பணம் போயிருந்தால் இந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு வாசகி: செயினைப் பறித்துக்கொண்டு போனான் என்று புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது மட்டும் தருகிறார்கள். அது போதுமா?

போதாது. எனக்கே நடந்தது. போன வருஷம் பைக்கில் வந்தவன் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஸ்டேஷனில் 'பறிச்சான்னு எழுதாதீங்கம்மா, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்' என்றார்கள். பேனா என் கையில், பேப்பர் மேஜையில், வெளியே வீட்டுக்குப் போக நேரமாகிறது. எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது, ஏனென்றால் அன்றைக்கு என்னால் அந்த ஏரியாக் கணக்கில் ஒரு பறிப்பு குறைந்தது.

நீங்கள் அப்படி எழுதாதீர்கள். பறிப்பு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-ஆவது பிரிவு, தனிக் குற்றம். இப்படிப்பட்ட குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. நகலை இலவசமாகத் தர வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. மறுத்தால் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

எண்ணூரிலிருந்து ஒரு மீனவர்: செயின் அறுத்தவன் படம் பேப்பரில் வருது. எங்க ஆத்துல எண்ணெய் விட்டவங்க படம் ஏன் வரலை?

அண்ணே, நீங்கள் கேட்பதுதான் இந்த வாரத்திலேயே பெரிய கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்குள் எண்ணெய் வந்தது. மணலி சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்துதான் வந்தது என்று மாசு கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிப்பது குற்றம் என்றால் ஆயிரக்கணக்கான குடும்பத்தின் வயிற்றில் அடித்தது அதைவிடப் பெரிய குற்றம். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவித்தது 12,500 ரூபாய். ஒரு வலையின் விலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பத்திரிகையில் இருக்கும் நாங்களும் செயின் பறிப்பைக் கிரைம் பக்கத்தில் போட்டுவிட்டு உங்கள் ஆற்றைச் சுற்றுச்சூழல் பக்கத்தில் போட்டோம். அது எங்கள் தப்பு.

அந்த வாரம் முகத்துவாரத்துக்கு வந்திருந்தேன். பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒரு பெரியவர் வலையை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை என்றார். பிழிந்த தண்ணீர் அப்போதும் கறுப்பாகத்தான் வந்தது.